தாழ்மை வேறு, தாழ்வு வேறு
(வெள்ளிவிழா நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



இந்த நன்றி வழிபாட்டில் "ஜெபத்தில் தாழ்மை" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். கேட்பதற்கு எளிய பொருள்தான். ஞாயிறுதோறும் ஆலயங்களில் பேசப்படும் பொருளுங்கூட. ஆயினும் நம் சமுதாயத்தின் நடுவே நின்று பேசும்போது இது எளியதாக இல்லை. ஏனெனில், பணிந்து போ என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் நாம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டும், காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டும் தெருவைக் கடந்தவர்கள் நம் பாட்டனார்கள். கைகட்டி, வாய் பொத்தி நின்றவர்கள் அவர்கள். அத்தகைய மக்களிடம் வந்து, கடவுள் முன்னும் தாழ்ந்து நில்லுங்கள் என்று கூறினால், இளைஞர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. "இன்னும் எத்தனை நாள் தாழ்ந்து நிற்பது?" என்பதே அக்கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். தாழ் என்னும் ஒரே வேரிலிருந்து மூன்று சொற்கள் கிளைக்கின்றன. தாழ்த்தப்படுதல் என்பது ஒன்று. அது பிறர் நமக்குச் செய்த கொடுமை. தாழ்வு மனப்பான்மை என்பது மற்றொன்று. அது பிறர் செய்த கொடுமையை நாமே உண்மையென்று நம்பிவிடுவதால் உள்ளத்தில் உண்டாகும் நோய். தாழ்மை என்பது மூன்றாவது. அது ஒருவன் தன் உள்ளத்தின் உரிமையோடு கடவுள் முன் தானே மேற்கொள்ளும் நிலை. முதலாவதை எதிர்த்துப் போராட வேண்டும். இரண்டாவதைக் கல்வியால் நீக்க வேண்டும். மூன்றாவதை மட்டுமே வேண்டிப் பெற வேண்டும். இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்பியவர்கள் பலர். அக்குழப்பத்தால் இலாபம் அடைந்தவர்களும் பலர்.

தாழ்மையைப் பற்றி இயேசுபெருமான் கூறிய உவமை ஒன்று லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் உள்ளது. எருசலேம் ஆலயத்திற்கு இருவர் ஜெபிக்கச் செல்கின்றனர். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். பரிசேயன் பொய்யன் அல்லன் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மோசேயின் நியாயப்பிரமாணம் யூதர் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், தம்மை ஒடுக்கி நோன்பு நோற்குமாறு விதித்திருந்தது. இவனோ வாரத்திற்கு இருமுறை உபவாசம் இருந்தான். தன் வருவாய் அனைத்திலும் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தான். சட்டம் கேட்டதற்கும் மேலாகச் செய்தவன் அவன். பின் எங்கே தவறினான்? ஜெபித்துக்கொண்டிருந்த அவன் கண் கடவுளை விட்டு விலகி, பின்னால் நின்ற மனிதன்மேல் சென்றது. அந்த ஆயக்காரனைப் போல் தான் இல்லை என்பதற்காக அவன் கடவுளுக்கு நன்றி கூறினான். பிறன் ஒருவனைக் கீழே வைத்துத் தன் உயரத்தை அளந்துகொண்டான்.

அன்பர்களே, இந்த அளவுகோலை நாம் வேறெங்கும் கண்டதில்லையா? தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பதால் மட்டுமே தன்னை மேலானவன் என்று கருதும் எண்ணத்திற்கு நம் நாட்டில் சாதி என்று பெயர். பரிசேயனின் ஜெபம் சாதியின் ஜெபம். ஆகவே ஜெபத்தில் தாழ்மை என்பது சாதிக்கு நேர் எதிரான குணமாகும். இதை நாம் முதலில் உணர்ந்துகொண்டால், தாழ்மை என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சவோ வெறுக்கவோ வேண்டியதில்லை.

ஆயக்காரனைப் பாருங்கள். உரோமப் பேரரசுக்காக வரி தண்டிய அவனை ஊரார் வெறுத்தனர். அவன் தொலைவில் நின்றான். கண்களை வானத்திற்கு ஏறெடுக்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய தன்மேல் இரக்கம் வைக்குமாறு கடவுளிடம் மன்றாடினான். அவன் பணிந்தது கடவுளை. தன் செயலுக்காக வருந்தினானேயன்றித் தன் பிறப்புக்காக வருந்தவில்லை. முன்னால் நின்ற பரிசேயனின் காலில் அவன் விழவில்லை. அவனிடம் சான்றிதழ் கேட்கவும் இல்லை. அவன் நீதிமானாக வீடு திரும்பினான் என்கிறார் இயேசு. நாம் செய்த பிழைக்காகக் கடவுள் முன் தலைகுனிவது தாழ்மை. பிறந்த குடிக்காக எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. அதற்காகக் கடவுள் நம்மிடம் கணக்குக் கேட்பதும் இல்லை.

இனி, ஜெபத்தில் தாழ்மையாக இருந்தவர்கள் மனிதர் முன் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைத் திருமறையிலிருந்தே காண்போம்.

முதலாவது, இயேசுபெருமான். பாடுபடுவதற்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் அவர் முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். தம் விருப்பத்தை விட்டுப் பிதாவின் சித்தத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அதைவிடத் தாழ்மையான ஜெபம் உலகில் இல்லை. அதே இரவில் அவர் அன்னாவின் முன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். அங்கு நின்ற சேவகன் ஒருவன், பிரதான ஆசாரியனுக்கு இப்படியா மறுமொழி சொல்வது என்று கேட்டு, அவரை அறைந்தான். இயேசு தலையைக் குனிந்துகொள்ளவில்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் அதை மெய்ப்பிக்குமாறும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தான் என்று கூறுமாறும் கேட்டார். திருப்பி அடிக்கவும் இல்லை. நியாயம் கேட்காமல் இருக்கவும் இல்லை. தோட்டத்தில் தரைமட்டும் தாழ்ந்தவர், சில மணி நேரத்திற்குள் அதிகாரத்தின் முன் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டார். முன்னது பின்னதற்குத் தடையாக இருக்கவில்லை. அந்த ஜெபமே அவருக்கு அத்துணிவைத் தந்தது என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, அன்னாள் என்னும் பெண்மணி. பிள்ளையின்மையால் வீட்டிலேயே ஏளனத்திற்கு ஆளானவள். சீலோவிலிருந்த ஆலயத்தில் அவள் உதடுகள் மட்டும் அசைய, குரல் வெளிவராமல் அழுது ஜெபித்தாள். அதைக் கண்ட ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். ஆசாரியர் சொல்லிவிட்டாரே என்று அவள் வாய்மூடிப் போகவில்லை. மரியாதை குறையாமல், தான் குடிக்கவில்லை என்றும், தன் உள்ளத்தையே கடவுள் முன் ஊற்றியதாகவும், தன்னைக் கீழ்மகளாக எண்ண வேண்டாம் என்றும் தெளிவாக எடுத்துரைத்தாள். ஏலியும் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு அவளை வாழ்த்தி அனுப்பினான். நம் தாய்மார்களும் மாணவியரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மரியாதையாகப் பேசுவது வேறு. பழியை ஏற்றுக்கொள்வது வேறு.

மூன்றாவது, பவுலும் சீலாவும். பிலிப்பி நகரில் விசாரணையின்றி அவர்களை அடித்துச் சிறையில் இட்டனர். நள்ளிரவில் அவர்கள் ஜெபித்துக் கடவுளைப் பாடினர். பொழுது விடிந்ததும், அவர்களை விட்டுவிடுமாறு அதிகாரிகள் சேவகரிடம் சொல்லி அனுப்பினர். பவுல் வெளியேற மறுத்தார். உரோமக் குடிமக்களாகிய தங்களை விசாரணையின்றி வெளியரங்கமாக அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்புவது முறையன்று என்றும், அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் கூறினார். அவ்வாறே அவர்கள் வந்து, கேட்டுக்கொண்டு, வெளியே அழைத்துச் சென்றனர். இரவெல்லாம் ஜெபித்தவர் காலையில் சட்டம் பேசினார். 1950 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துள்ளது. அச்சட்டத்தின் துணையை நாடுவது ஜெபத்திற்கு மாறானது என்று எவரேனும் கூறினால், பிலிப்பிச் சிறையை அவருக்கு நினைவூட்டுங்கள்.

திருச்சபை வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேரவை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் மக்கள் முழந்தாளிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று தன் 20-ஆம் விதியில் கட்டளையிட்டது. ஞாயிறு கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள். உயிர்த்தெழுதலில் பங்குபெற்ற மக்களுக்கு நிற்பதே அன்று தகும் என்பது பண்டைச் சபையின் கருத்து. ஆகவே முழந்தாளிடுவதும் ஜெபம், நிமிர்ந்து நிற்பதும் ஜெபம். உடல் எந்நிலையில் இருந்தாலும் உள்ளம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

ஆனால் தமிழகத் திருச்சபையில் முழந்தாள்கள் மடங்கிய அளவிற்கு உள்ளங்கள் மடங்கவில்லை என்பதையும் மறைக்க இயலாது. ஒரே ஆலயத்தில் தனித்தனி இடங்கள், திருவிருந்தில் முன்னவர் பின்னவர் என்ற வரிசை ஆகியன நெடுங்காலம் இருந்தன. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதிய சுற்றுமடலில், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே அறவே விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, அதை ஏற்க மறுத்துப் பலர் சபையை விட்டே விலகினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தை நோக்கி வணங்குவதற்காக, இரண்டு கிளைகளாகப் பிரித்து ஆலயம் எழுப்பப்பட்டது. அப்பிரிவினைச் சுவர் 1910-இல் அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சுவர் நிற்கும் ஊர்கள் உண்டு. அயலானைத் தள்ளி வைத்துவிட்டு ஆண்டவர் முன் முழந்தாளிடுவது தாழ்மையன்று. அது உடற்பயிற்சியே.

இருள் இவ்வாறிருக்க, நம் குடியிலே தோன்றிய ஒரு விளக்கையும் நினைவுகூர்வோம். தென்திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்தவர் மகாராசன். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த அவர், ஆன்ம அமைதி தேடிச் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். அங்கு மனம் நிறைவு பெறாமல், உறவினர் வாழ்ந்த தஞ்சைக்குச் சென்று, கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். 1799-ஆம் ஆண்டளவில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் தனக்குக் கிடைத்த அமைதியோடு ஒதுங்கிவிடவில்லை. ஊர் திரும்பித் தம் உறவினரைக் கூட்டினார். தரங்கம்பாடியில் தங்கியிருந்த ரிங்கல்தௌபே என்னும் செர்மானியப் போதகரைத் தம் மக்களிடம் வருமாறு வேண்டினார். அவரும் 1806-இல் மயிலாடி வந்தார். 1809-இல் அங்கு ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்ட அப்பள்ளியே இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்தாயிற்று.

ரிங்கல்தௌபே தமக்குக் கிடைத்த ஊதியத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிய உடையில் வாழ்ந்தவர். 1816-இல் அவர் மயிலாடியை விட்டுச் சென்றபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். இங்கே இரு வகைத் தாழ்மையைக் காண்கிறோம். உயர்ந்த இடத்திலிருந்து வந்தவர் இறங்கி வந்தார். தாழ்த்தப்பட்ட இடத்தில் இருந்தவர் எழுந்து பொறுப்பை ஏற்றார். எழுவதும் தாழ்மையே. எனக்குத் தகுதியில்லை என்று கூறி, கடவுள் கொடுக்கும் பணியைத் தட்டிக்கழிப்பது தாழ்மையாகாது. மோசேயும் தமக்குப் பேச்சு வராது என்று சாக்குச் சொன்னபோது கடவுள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை அன்றோ?

இதுவரை பிறர் நமக்குச் செய்ததைப் பேசினோம். வெள்ளிவிழாக் காணும் கல்விச் சங்கத்தில் அத்தோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மையே ஆகும். இனி நம்மிடையே நோக்குவோம்.

கல்வி நமக்கு நிமிர்ந்த முதுகைத் தந்தது. அதே கல்வி நமக்குப் பரிசேயனின் ஜெபத்தையும் கற்றுக்கொடுக்கக் கூடும். பட்டம் பெற்று, அரசுப் பணியில் அமர்ந்து, நகரில் வீடு கட்டிய பின், சேரியிலிருந்து வரும் சிற்றப்பனை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தத் தயங்குகின்ற இளைஞன், ஆண்டவரே, இவர்களைப் போல் என்னை வைக்காததற்கு நன்றி என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்கிறான். அவன் படிப்புக்காக அந்தச் சிற்றப்பன் கடன் வாங்கியிருக்கலாம். தாய் களையெடுத்த கூலியில் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கலாம். தன் உழைப்பை மட்டும் எண்ணி, தன்னைச் சுமந்த தோள்களை மறந்தவன் ஜெபிக்கும்போது, அந்த ஜெபத்தில் நன்றி இராது. நன்றி இல்லாத இடத்தில் தாழ்மையும் இராது.

இன்னும் ஒன்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயே நமக்கும் கீழே ஒரு பிரிவைத் தேடுகின்ற பழக்கம் உண்டு. மலம் அள்ளும் தொழிலில் தள்ளப்பட்ட சகோதரரோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் மீண்டும் வலுவாக இயற்றப்பட்டது. ஆயினும் கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதர் இறங்கி மாள்வது இன்னும் நிற்கவில்லை. அச்செய்தியைப் படிக்கும்போது, அவர் நம் பிரிவினர் இல்லையே என்று ஆறுதல் கொள்ளும் மனம் ஒருவரிடம் இருந்தால், அவர் ஜெபம் ஆலயத்தின் கூரையைத் தாண்டாது. வீட்டில் மனைவியையும் மகளையும் அடக்கி வைத்துவிட்டு, சமத்துவம் வேண்டிக் கடவுளிடம் மன்றாடுவதும் அத்தகையதே.

அப்படியாயின் எவ்வாறு ஜெபிப்பது? ஓர் ஆசிரியருக்குரிய முறையில் நான்கு செய்திகளைக் கூறி முடிக்க விரும்புகிறோம்.

ஒன்று, ஜெபத்தில் நம் பிழையைக் கூறுவோம். அடுத்தவன் பிழையைக் கூறிக் கடவுளுக்கு முறையீட்டு மனு எழுத வேண்டாம். அடுத்தவன் நமக்குச் செய்த அநீதியைக் கூறி நியாயம் கேட்பது வேறு. சங்கீதங்களில் அத்தகைய ஜெபங்கள் மிகுதி. அவனைக் காட்டிலும் நாம் மேலானவர் என்று நிறுவ முயல்வதையே தவிர்க்க வேண்டும்.

இரண்டு, நம்மைச் சுமந்தவர்களின் பெயர்களைச் சொல்லி நன்றி கூறுவோம். தாய், தந்தை, சிற்றப்பன், அத்தை, எழுத்தறிவித்தவர், சங்கத்திற்குப் பிடியரிசி கொடுத்த பாட்டி என ஒவ்வொருவராகச் சொல்லிப் பாருங்கள். பட்டியல் நீள நீளச் செருக்குத் தானாகக் குறையும்.

மூன்று, உழைப்புக்கு மாற்றாக ஜெபத்தை வைக்க வேண்டாம். தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் ஆலயத்திற்கு வருகின்றனர், மகிழ்ச்சியே. ஆனால் புத்தகத்தைத் திறவாமல் மதிப்பெண்ணை மட்டும் வேண்டுவது தாழ்மையன்று. கடவுளை வேலையாளாக நினைப்பதாகும். படிப்பதற்கு மனஉறுதியையும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஆசிரியரிடம் கேட்கும் துணிவையும் வேண்டுங்கள். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவனே கற்றுக்கொள்கிறான். அறிவின் தொடக்கத்திலும் தாழ்மையே நிற்கிறது.

நான்கு, ஜெபம் முடிந்து எழுந்தபின் ஒரு செயல் செய்வோம். இயேசுபெருமான் தம் சீடரின் கால்களைக் கழுவினார். குருவும் ஆண்டவருமாக இருந்தவர் வேலைக்காரனின் துண்டைக் கட்டிக்கொண்டார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் பாட்டனாரின் இடுப்பில் கட்டப்பட்ட துண்டுக்கும், இயேசுபெருமான் இடுப்பில் கட்டிக்கொண்ட துண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தியுங்கள். முன்னது பிறரின் அதிகாரம். பின்னது தம் அன்பு. படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பார்களானால், அது கால் கழுவும் பணியாகும். அவர்கள் காலையில் செய்த ஜெபம் அப்போது நிறைவு பெறும்.

அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலிலோ தனிமனிதர்மீது கொள்ளும் பக்தி வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்திற்குமே இட்டுச் செல்லும் என்பது அவர் கருத்து. நம் சங்கத்தில் ஆலயம் செல்வோரும் உளர். கோயில் செல்வோரும் உளர். அண்ணலைப் பின்பற்றிப் புத்தரின் வழியை நாடுவோரும் உளர். எவ்வழியினராயினும் இந்த எச்சரிக்கை அனைவருக்கும் பொருந்தும். கடவுளுக்குரிய பணிவைக் கட்சித் தலைவருக்கோ, பண்ணையாருக்கோ, மேலதிகாரிக்கோ கொடுத்தல் ஆகாது. அவர்களுக்கு உரியது மரியாதை. அதைக் குறைவின்றிக் கொடுப்போம். அடிபணிதலைக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே, இன்னும் எத்தனை நாள் தாழ்ந்து நிற்பது என்று கேட்கும் இளைஞர்களுக்கு நம் விடை இதுதான். மனிதர் முன் தாழ்ந்து நிற்கும் காலத்தை முடித்து வைப்பதற்காகவே இந்தச் சங்கத்தைப் பெரியோர்கள் தொடங்கினர். அப்பணி இன்னும் முடியவில்லை; உங்கள் கைகளில் இருக்கிறது. ஆனால் கடவுள் முன் தாழ்ந்து நிற்கும் காலம் முடிவதே இல்லை. அங்கு நாம் அடிமைகளாக அல்ல, அப்பா என்று அழைக்கும் பிள்ளைகளாக நிற்கிறோம். பிள்ளை தந்தையின் முன் பணிவது அவனுக்கு இழிவாவதில்லை. அவ்வாறு ஜெபித்து எழுபவர்கள், தமக்கு மேலே நிற்பவரைக் கண்டு அஞ்சமாட்டார்கள். தமக்குக் கீழே எவரையும் வைக்கமாட்டார்கள்.

அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் அத்தகைய ஆண்களையும் பெண்களையும் உருவாக்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.